இருபத்து மூன்று நிமிடம்

சித்திரைச் செவ்வாய், இரவு பன்னிரண்டே கால்.
இடைகால் முப்பிடாதி அம்மன் கொடைக்கு
மின்வாரியம் அனுப்பிய விருந்தாளி நான்.
டிரான்ஸ்பார்மர் அடியில் பிளாஸ்டிக் நாற்காலி,
சட்டைப்பையில் ஒரு முழம் ஃபியூஸ் கம்பி,
கமிட்டி கொடுத்த சுக்குக்காபி.
பாட்டுக் கேட்க வரவில்லை. வேலை.

வில்லில் உட்கார்ந்திருந்தது
ரவணசமுத்திரம் பேராச்சி செட்டு.
எனக்குக் கேட்டதெல்லாம் எட்டு ஸ்பீக்கர்.
பேராச்சி மைக்கில் மூச்சு வாங்கினால்
முக்கூடல்வரை நாய் குரைத்தது.
குடத்தின் அடி காதுக்கு வருமுன்
வயிற்றுக்கு வந்து சேர்ந்தது.
பாட்டை விட்டுவிட்டு லோடைக் கவனித்தேன்:
சீரியல் செட்டில் வாள் சுழற்றும் அம்மன்,
ராட்டினம், ஐஸ் வண்டி,
அல்வாக் கடையில் மட்டும் ஆறு டியூப்லைட்.
கொக்கி போட்ட வீடு எத்தனை என்று
கொக்கி போட்டவர்களுக்கே தெரியாது.

அக்கா தம்பியைத் தேடி ஆற்றில் இறங்கும் இடம்.
இடுப்பளவு தண்ணியம்மா, என்றாள் பேராச்சி.
ஆமா, என்றது பக்கப்பாட்டு.
கழுத்தளவு தண்ணியம்மா, என்றாள்.
ஆமாவுக்கு வாயெடுத்தார்கள்,
என் தலைக்கு மேலே
டப்.

பந்தலும் ஸ்பீக்கரும் அதோடு போயின.
மிச்சத்தை அணைத்தது நான்தான்.
ஏபி சுவிட்சை இழுத்தேன்,
அம்மன் வாளோடு காணாமல் போனாள்,
ராட்டினம் உச்சியில் நாலு பேரோடு நின்றது.
ஊரே ஓவென்றது.
கட்டையை உருவிக் கருகலைச் சுரண்டினேன்.
புதுக்கம்பி சுற்ற இரண்டு நிமிடம்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டே நிமிடம்.
இருபத்தேழு வருசக் கை.

அப்போது வந்தது,
இருட்டுக்குள்ளிருந்து, சின்னதாக:
கழுத்தளவு தண்ணியம்மா.

மைக் இல்லாத குரல்.
கொஞ்சம் கட்டிப்போன, வெற்றிலை போட்ட குரல்.
ஆமா, என்றது எங்கிருந்தோ.
வில்லில் கட்டிய மணிக்கெல்லாம்
ஆளுக்கொரு சுருதி இருப்பது
எனக்கு அன்றுதான் தெரியும்.
தளவாய் குடத்தின் வாயில் பத்தியால் ஒரு அறை,
வயிற்றில் அஞ்சு ரூபாய்க் காசால் ஒரு கிணுக்.
கீபோர்டுக்காரப் பையன்
செத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
கை தட்ட ஆரம்பித்தான்,
முதலில் தப்பாக, பிறகு சரியாக.

கேக்கலியே, என்றார்கள் பின்னால்.
கேக்கலன்னா கிட்ட வாங்களேன், என்றாள்
பாட்டை நிறுத்தாமல், அதே மெட்டில்.
ஆமா!
நாற்காலிகள் மண்ணில் இழுபட்டன.
பிறகு நாற்காலியை விட்டுவிட்டு வரும் காலடிகள்.
அல்வாக் கடைக்காரர்கூட.
நானும், கையில் ஃபியூஸ் கட்டையோடு.

போன் அதிர்ந்தது. கமிட்டி வண்டிமலையான்.
'என்னவே, ஆச்சா?'
'பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி.'
பொய்யில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
ஒன்றிரண்டு செல்போன் வெளிச்சத்தில்
அவள் வீசுகோல் ஏறி இறங்குவதை.

ராட்டின உச்சியிலிருந்து ஒருவன் கத்தினான்:
'ஏல, அக்கா கரையேறிட்டாளா இல்லியால?'
'இன்னும் இல்லல!' என்றது கூட்டம்.

ஏறினாள். ஈரச்சேலையைப் பிழிந்தாள்.
அக்கரையில் தம்பி இல்லை.
அதற்கு மேலே ஒரு வரி இருந்தது.
இருட்டில் சொன்னது, இங்கே எழுதமாட்டேன்.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்,
நானாகவும் இருக்கலாம்.

கம்பியைச் சுற்றினேன். சுவிட்சைப் போட்டேன்.
எட்டு ஸ்பீக்கரும் ஒன்றாகக் கீச்சிட்டன,
அம்மன் வாளைச் சுழற்றினாள்,
ராட்டினம் நாலு பேரையும் இறக்கிவிட்டது.
வில்லுக்கு ஐந்தடியில் மொத்த ஊரும்
கண் கூசிக்கொண்டு தரையில்,
எந்தத் தெரு எந்தத் தெருவை ஒட்டி என்று பார்க்காமல்,
ஒருவர் முழங்கால் இன்னொருவர் முதுகில்.
வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்கள்.
கொஞ்சம் விலகிக்கொண்டார்கள்.

மறுநாள் ஜேஇ மேடம் பதிவேட்டைத் திருப்பினார்.
'ஒரு ஃபியூஸுக்கு இருபத்து மூணு நிமிசமா?'
'இருட்டுல கம்பி தட்டுப்படல மேடம்.'
சட்டைப்பையில் மிச்சக் கம்பி
மூச்சு விட்டால் குத்தியது.